பெரிய சிலிண்டரா, சின்னதா

எங்களுடைய கடைசிப் பெரிய சண்டை ஒரு சிலிண்டருக்காக நடந்தது. சமையல் கேஸ் சிலிண்டர் இல்லை, ஆக்சிஜனும் இல்லை. மீன் தொட்டியில் வளர்கிற செடிக்குக் கொடுக்கும் கார்பன் டை ஆக்சைடு. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். மூச்சுக்குத் தவிக்கும் மனுஷனோடு மீன் தொட்டிக்காக மல்லுக்கு நிற்பவளும் ஒரு பெண்டாட்டியா என்று கேட்பார்கள். கேட்கட்டும். அந்தச் சண்டையில் நான்தான் ஜெயித்தேன். இன்றைக்கும் அதில் எனக்கு வருத்தம் கிடையாது.

என் கணவர் கடலூரில் ஃபிரிட்ஜ், ஏசி மெக்கானிக்காக இருந்தார். மஞ்சக்குப்பத்திலிருந்து சிதம்பரம் வரை அவர் ஸ்பேனரோடு ஏறாத மொட்டை மாடி இல்லை. ஐம்பது தாண்டியதும் படியேறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. சிதம்பரத்தில் பார்த்த டாக்டர், நுரையீரல் இறுகிக்கொண்டே வருகிறது, எதனால் என்று தெரியாது, இனி அது இளகாது என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் ஹாலில் கட்டிலைப் போட்டோம். கட்டில் பக்கத்தில் வாடகைக்கு எடுத்த ஆக்சிஜன் சிலிண்டர். நான் ஜாக்கெட் தைக்கிறவள், என் மெஷினும் அதே ஹாலில்தான் இருந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தோம்.

சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாத மனுஷன். மின்விசிறி சத்தம் போடுகிறது என்பார், நான் பாபினில் நூலை ஒழுங்காகச் சுற்றவில்லை என்பார். எனக்கு மண்டை காய்ந்துவிடும். அந்தச் சமயத்தில்தான் சிதம்பரத்தில் அவர் ஏசி பார்த்துவந்த ஒரு லாட்ஜில் வரவேற்பறையை இடித்துக் கட்டினார்கள். அங்கே இருந்த ஆறடிக் கண்ணாடித் தொட்டியைத் தூக்கிப் போடப்போவதாக என் தம்பி போனில் சொன்னான். தம்பிக்குச் சிதம்பரத்தில் வீடு. யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவன். அதை எனக்குக் கொண்டாந்து குடுடா மச்சான் என்று இவர் கேட்டதும், மறுபேச்சு பேசாமல் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டான்.

மீன் மட்டும் விட்டிருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. இவருக்குத் தோட்டம் வேண்டும். தண்ணீருக்கடியில் தரை முழுக்கப் புல், நடுவில் கல், பின்னால் சிவப்பு இலைச் செடி. வெளியே போக முடியாதவர் கட்டிலிலிருந்தே பச்சையாக எதையாவது பார்க்க ஆசைப்பட்டார். நட்டதெல்லாம் கொஞ்ச நாளில் பழுத்துக் கரைந்தது. செடிக்குக் காற்று பத்தவில்லை, நமக்கு ஆக்சிஜன் மாதிரி அதற்குக் கார்பன் டை ஆக்சைடு கொடுக்க வேண்டும் என்று போனில் பார்த்துப் பார்த்துச் சொன்னார்.

முதலில் குளிர்பான பாட்டிலில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் தண்ணீரும் ஊற்றி மூடியில் டியூப் சொருகி வைத்தோம். அது புளித்து, கேஸ் வந்து, டியூப் வழியாகத் தொட்டிக்குள் போகும். ஹால் முழுக்கக் கள்ளுக்கடை வாசனை. ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்த பெண்கள் மூக்கைச் சுருக்கினார்கள். அதோடு, சின்னத் தொட்டிக்கு அந்த பாட்டில் சரி, ஆறடிக்கு அது எந்த மூலைக்கு? இன்றைக்குக் குமிழ் ஜாஸ்தி, நாளைக்கு ஒன்றும் இல்லை. புல் அப்படியே மஞ்சளாக நின்றது.

கடைசியில் சிலிண்டர்தான் என்று முடிவானது. இரண்டு வழி இருந்தது. மீன் கடையில் விற்கிற, தண்ணீர் பாட்டில் உயரச் சின்ன சிலிண்டர், வால்வோடு சேர்ந்தே வரும், ஆறடித் தொட்டிக்கு ஒரு மாதம் தாங்கினால் அதிகம். இன்னொன்று சோடா கம்பெனிக்காரர்கள் வைத்திருக்கும் என் இடுப்பு உயர சிலிண்டர். சோடாவுக்கு ஏற்றுவதும் இதே கேஸ்தான். தம்பிக்குத் தெரிந்த சோடா கம்பெனி சிதம்பரத்தில் இருந்தது. அந்தப் பெரியது ஒரு வருஷத்துக்கு மேல் வரும்.

நான் பெரியதுதான் என்றேன். அவர் சின்னது போதும் என்றார். பெரியதை எங்கே வைப்பது என்றார், இடம் காட்டினேன். யார் தூக்குவது என்றார், தம்பி இருக்கிறான் என்றேன். பார்க்க அசிங்கமாக இருக்கும் என்றார். ஏற்கெனவே ஒரு கறுப்பு சிலிண்டரைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு இந்த மனுஷன் அழகைப் பற்றிப் பேசுகிறாரே என்று எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. மாசத்துக்கு ஒருதரம் மாற்ற வேண்டிய சனியனை எந்த மெக்கானிக்காவது வாங்குவானா என்று கத்தினேன். அவர் மூக்கில் இருந்த டியூபைச் சரிசெய்துகொண்டு மெதுவாகச் சொன்னார்.

"பெருசு தீர ஒரு வருஷம் ஆவும். யாரு இருந்து பாக்கப் போறா?"

மெஷினை நிறுத்திவிட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை நாளாக இதை மனசில் வைத்துக்கொண்டு இடம், கனம், அழகு என்று கதை அளந்திருக்கிறார் பாவி மனுஷன். அழுதிருக்கலாம். எனக்குக் கோபம்தான் வந்தது.

"நீங்கதான் இருந்து பாப்பீங்க. பெருசுதான் வருது."

மத்தியானம் சோறு போட்டபோது ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு தம்பிக்கு போன் போட்டேன்.

சிலிண்டர் பெயிண்ட் உரிந்து துருவோடு வந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு எங்கிருந்துதான் தெம்பு வந்ததோ, டூல் பாக்ஸை எடுக்கச் சொன்னார். மூக்கு டியூப் எட்டுகிற தூரத்துக்கு ஸ்டூலை நகர்த்தி உட்கார்ந்து ரெகுலேட்டரைத் தானே மாட்டினார். கசிகிறதா என்று சோப்பு நுரை தடவிப் பார்த்தார். வெளிச்சம் அணைந்தால் செடிக்கு இந்தக் கேஸ் வேண்டாம், மீனுக்குத்தான் கெடுதல் என்று, விளக்கோடு சேர்ந்து நிற்கிற மாதிரி டைமர் வைத்தார். கண்ணாடியில் ஒட்டிய சின்னக் குப்பியில் ஒரு மருந்து ஊற்றினார். அது நீலமாக இருந்தால் கேஸ் பத்தவில்லை, பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் ஆபத்து. எல்லாம் முடித்து சிலிண்டரின் தலை வால்வைத் தன் கையால் திறந்தார். குமிழ் ஒவ்வொன்றாக ஏறியது. வேர்த்துக்கொட்டி, உதடு நீலம் பாரித்து, சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

நான் ஓடிப்போய் கேஜ் முள்ளைப் பார்த்தேன். ஆக்சிஜன் கேஜைப் பார்த்துப் பார்த்து அது எனக்கு வியாதியாகவே ஆகியிருந்தது. காலையில் எங்கே இருந்தது, இப்போது எங்கே இறங்கியிருக்கிறது, அடுத்த சிலிண்டருக்கு எப்போது சொல்ல வேண்டும், இதுதான் என் பொழுது. அவர் அதைக் கவனித்துவிட்டுச் சொன்னார்.

"ஆக்சிஜன பாக்குற மாதிரி இத பாக்காத. இதுக்குள்ள கேஸு தண்ணியா இருக்குது. கடைசி சொட்டு இருக்குற வரைக்கும் முள்ளு அதே எடத்துல நிக்கும். தீந்துச்சுன்னா தடதடன்னு எறங்கும். அப்ப இந்த ரெகுலேட்டர் புடி வுட்டுடும், மிச்ச கேஸு மொத்தமும் தொட்டிக்குள்ள போயிடும், மீனு அத்தனையும் செத்துடும். முள்ளு அசைஞ்சா யோசிக்காத, மூடிடு."

சரி சரி என்றேன். அப்போது அது எனக்கு வெறும் மெக்கானிக் பேச்சு.

புல் பிடித்துவிட்டது. முதலில் கல்லைச் சுற்றி, பிறகு கண்ணாடி ஓரம் வரைக்கும் படர்ந்தது. வெளிச்சம் விழும் நேரத்தில் இலை ஒவ்வொன்றின் நுனியிலும் முத்து முத்தாகக் காற்று நிற்கும். நியான் மீன்கள் கூட்டமாகத் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே கஞ்சி முழுவதையும் குடித்துவிடுவார். குப்பி பச்சையாக இருக்கிறதா என்று அடிக்கொரு தரம் கேட்பார். எனக்குப் பைத்தியக்கார நம்பிக்கை ஒன்று வந்தது. ஆக்சிஜன் முள் தினம் தினம் இறங்கும். அதைப் பார்த்த உடனே இந்தப் பக்கம் திரும்பி தொட்டி சிலிண்டரின் முள்ளைப் பார்ப்பேன். நேற்று இருந்த இடத்தில் இருக்கும். அவரும் அப்படித்தான் இருந்தார். நன்றாகப் பேசினார், என்னைக் கிண்டல் செய்தார், பாபினில் குறை கண்டுபிடித்தார். டாக்டர்களுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசி மழையில் லேசாக ஜுரம் வந்தது. காலையில் இட்லி சாப்பிட்டார். மத்தியானம் மூச்சு இழுத்தது. ஆக்சிஜனை முழுக்கத் திறந்தேன், முதுகைத் தடவினேன். மூச்சு விடுங்க, விடுங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆக்சிஜன் சிலிண்டரில் பாதிக்கு மேல் இருந்தது.

காரியம் முடிந்ததும் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். வாடகை சிலிண்டரை எடுத்துக்கொண்டு போனார்கள், கட்டிலைக் கழற்றினார்கள். தொட்டியை யாருக்காவது கொடுத்துவிடு, ஒண்டியாக இதைக் கட்டிக்கொண்டு ஏன் மாரடிக்கிறாய் என்றார்கள். அதைத் தொட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்று சொன்னேன். சொந்தக்காரர்களிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுதான். தம்பி மட்டும், சிதம்பரத்துக்கே வந்துவிடுங்களேன் அக்கா என்றான். முடியாது என்றேன். சரிக்கா என்றான்.

அவர் திறந்த வால்வு திறந்தபடியே இருந்தது. விளக்கு எரியும்போது குமிழ் வரும், அணைந்தால் நிற்கும். எல்லாம் முன்பு மாதிரியே நடந்தது. நான் புல் வெட்டக் கற்றுக்கொண்டேன், தண்ணீர் மாற்றினேன். சிலிண்டரைத் துடைக்கும்போது அந்தத் தலை வால்வை மட்டும் துடைக்க மாட்டேன். அதில் கடைசியாக அவர் கை பட்டது அங்கேதான். துணியால் அதை அழித்துவிடுவேனோ என்று பயம்.

போன வாரம் காலையில் விளக்கு எரிந்ததும் பார்த்தேன், முள் இறங்கியிருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தேன். கையை வால்வு வரைக்கும் கொண்டுபோனேன், திருப்ப முடியவில்லை. திருப்பினால் அவர் செய்துவிட்டுப் போனது அதோடு நின்றுவிடும். தம்பிக்கு போன் செய்தேன். உடனே மூடிடுங்க அக்கா, நான் கிளம்புகிறேன் என்றான். மூடுகிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தே இருந்தேன். முள் கண்ணெதிரே சரிந்தது. குமிழ் ஒன்றொன்றாக வருவது போய்ச் சரசரவென்று வந்தது. கொஞ்ச நேரத்தில் நியான் கூட்டம் புல்லை விட்டு மேலே ஏறியது. மீன்கள் தண்ணீர் மட்டத்தில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடின.

அந்த வாயை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியாது. எழுந்து இரண்டு கையாலும் வால்வைத் திருப்பி மூடினேன். குமிழ் நின்றது. சொம்பை எடுத்துத் தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன், காற்று கலக்கட்டும் என்று. புடவையெல்லாம் நனைந்தது. மூச்சு விடுங்க, விடுங்க என்று சொல்லிக்கொண்டிருந்தது என் காதிலேயே விழுந்தது. குப்பி மஞ்சளாகத்தான் இருந்தது. நேரம் போகப் போக ஒவ்வொரு மீனாகக் கீழே இறங்கியது. ஒன்றுகூடச் சாகவில்லை.

தம்பி வந்தபோது ஹாலில் ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ரெகுலேட்டரைக் கழற்றி, காலி சிலிண்டரை வாசல் வரைக்கும் உருட்டிக்கொண்டு போனான். அங்கே நின்று திரும்பிக் கேட்டான்.

"அக்கா, திரும்பவும் இதையே ரொப்பிக் கொண்டாரவா? இல்ல, கடைல விக்கிற சின்னது போதுமா?"

"சின்னது போதும்டா," என்றேன்.

என் வாயிலிருந்து அது வந்தபிறகுதான் எனக்கே கேட்டது. தம்பி என்ன சொல்வானோ என்று அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏன் சின்னது, எதற்குப் போதும், அறிவிருக்கா உனக்கு என்று கேட்பான், கத்துவான், பெருசுதான் வருது என்பான் என்று நின்றேன்.

"சரிக்கா," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.