சிக்னல் இல்லாத பெட்டியும் ஒரு சிட்டிகைத் தூளும்

பூட்டுக்காரி என்று சொன்னால்தான் தெருவில் அவளைத் தெரியும். பூட்டு ரிப்பேர் புகுந்த வீட்டுத் தொழில்; பழைய பூட்டுகளைப் பிரித்துப் போட்டு அவளாகவே கற்றுக்கொண்டது. எந்தப் பூட்டையும் முரட்டுத்தனமாகத் திருக மாட்டாள். விரலால் தடவுவாள், வழுக்கிக்கொடுக்க ஒரு சிட்டிகை பென்சில் கரித்தூள் போடுவாள். பூட்டு வழிக்கு வந்துவிடும்.

அன்று சாயங்காலம் வழிக்கு வராமல் அடம்பிடித்தது ஒரு கேபிள் பெட்டி.

ஏழு மணிச் செய்தியில், திரையின் மூலைக் கட்டத்தில், அவளுடைய தங்கை முதன்முறையாகச் சைகை மொழியில் செய்தி சொல்லப் போகிறாள். அம்மாவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. மகள்கள் இருவரும் வாயால் பேசும் முன்னே கையால் பேசியவர்கள். அம்மா அப்போதே தலைவாரி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

"போன்லயே காட்டிடேன்," என்றான் கணவன்.

"போன்ல அந்தக் கட்டம் நகம் அளவுதாங்க வரும். அம்மா கண்ணுக்கு விரல் எங்க தெரியும்?"

"அப்போ கேபிள்காரனைக் கூப்பிடு."

"புதுப் பெட்டியை மாட்ட நாளைக்கு வர்றானாம். நேத்தும் இதையேதான் சொன்னான்."

பணம் கட்டிப் பார்க்கும் சேனல் எதுவும் அவளுக்கு வேண்டாம். செய்தி வரும் இலவச சேனல் வந்தால் போதும். சுவரிலிருந்து வந்த கேபிளைப் பெட்டியில் திருகி மாட்டினாள், பெட்டியை டிவியோடு இணைத்தாள். திரையில் 'சிக்னல் இல்லை' என்று வந்தது.

"ஊர்ப் பூட்டையெல்லாம் திறக்கிற கை, இதைப் பூட்டிடுச்சு போல."

"உங்க வாயைப் பூட்டவும் எங்கிட்ட சாவி இருக்கு. பேசாம டார்ச்சைப் பிடிங்க."

பெட்டியின் மெனு திரையில் தெரிகிறது. ஆகவே டிவி பக்கம் பழுதில்லை. பக்கத்து வீட்டுக்கும் இதே லைன்தான். அங்கே பாட்டு அலறுகிறது. அப்படியானால் கோளாறு சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில்தான். கேபிளைக் கழற்றினாள். விரல் நுனி கறுப்பாக இருந்தது.

விரலைத் தேய்த்துப் பார்த்தாள். மாட்டும்போது மரை இறுக்கமாக இருந்ததால், பழக்கதோஷத்தில் கை தானாகவே பென்சில் தூளைத் தூவியிருக்கிறது. பென்சில் தூளில் கரண்ட் பாயும். கரண்டில் ஓடும் பூட்டில் அதைப் போடவே கூடாது என்று கடைக்கு வருகிறவர்களையெல்லாம் திட்டுபவள் அவள்! கேபிளின் நடுக்கம்பியும் அதைச் சுற்றிய கம்பி வலையும் ஒட்டினால் சிக்னல் போய்விடும்; இரண்டையும் அந்தத் தூளால் அவளே சேர்த்து வைத்துவிட்டாள்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. என்னை நானே திட்டிட்டிருக்கேன். கடிகாரத்தைப் பார்க்காம வெளிச்சத்தைக் காட்டுங்க."

பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். கறுப்பான நுனியை வெட்டி எறிந்து, தோலைச் சீவி, வலையின் ஒரு மயிரிழைகூட நடுக்கம்பியைத் தொடாமல் மடித்துப் புது முனை மாட்டினாள். பெட்டியின் துளையைத் தீக்குச்சியில் பஞ்சு சுற்றித் துடைத்தாள், பஞ்சு வெள்ளையாகவே திரும்பி வரும்வரை. பிறகுதான் மின்சாரம் கொடுத்துச் சேனலைத் தேட விட்டாள்.

தலைப்புச் செய்தி முடிகிற நேரத்தில் படம் வந்தது. மூலைக் கட்டத்தில் தங்கை.

அம்மா கண் கொட்டாமல் கடைசிவரை பார்த்தாள். முடிந்ததும் மூத்தவள் பக்கம் திரும்பிக் கைகளை வேகமாக ஆட்டினாள். அதற்குள் போன் அடித்தது.

"அம்மா பார்த்தாங்களாக்கா?"

"பார்த்தாங்க. மழைச் செய்தியில கட்டை விரலை முழுங்கிட்டியாம். நாளைக்குச் சட்டைக்கையை மடிச்சு விட்டுக்கச் சொல்றாங்க."

மறுமுனையில் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அம்மா பெட்டியைக் காட்டி, நாளைக்கும் வருமா என்று சைகையில் கேட்டாள். வரும் என்று கைகாட்டிவிட்டுப் பூட்டுக்காரி கருவிப் பையை மூடப் போனாள். பென்சில் தூள் டப்பாவைக் காணோம்.

அவளுடைய கறுத்த விரலைக் கவனித்திருந்த கணவன் அதை எப்போதோ எடுத்துப் பரண்மேல் வைத்திருந்தான்.