சாப்பு இல்லாத கடிதம்

அம்மாவின் விரல்களில் எப்போதும் ஸ்பிரிட் வாடை இருக்கும். ஊசி போடுவதற்கு முன் பஞ்சில் நனைத்துத் தேய்ப்பார்களே, அந்தக் குளிர்ந்த வாடை. மீன் கழுவினாலும் பூண்டு உரித்தாலும் அதற்கெல்லாம் அடியில் அது இருந்துகொண்டே இருக்கும். பினாங்குத் தீவில், பாயான் பாருவுக்குப் பக்கத்தில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் அவள் "செக்கிங்" பிரிவில் இருந்தாள். நாளெல்லாம் ஸ்பிரிட்டில் துடைத்துத் துடைத்து, மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, நகத்தைவிடச் சிறிய சில்லுகளில் கீறல் இருக்கிறதா என்று தேடுவது அவள் வேலை. நல்லதை நல்லது என்று கண்டுகொண்டதற்காக அங்கே யாரும் அவளைப் பாராட்டியதில்லை; கெட்டது ஒன்று தப்பிப் போய்விட்டால் மட்டும் சூப்பர்வைசர் பின்னால் வந்து நிற்பார். அந்தக் கண்ணை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வர அவளுக்குத் தெரியவில்லை. சுங்கை பினாங்கில் எங்கள் ஃபிளாட்டுக்கு மீட்டர் பார்க்க வருகிறவர்கூட அவள் முன்னால் சற்றுக் குழறித்தான் பேசுவார்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. மாநிலக் கால்பந்துக் கிளப் ஒன்று இளையோர் அணிக்குப் பையன்களைச் சேர்த்துக்கொண்டிருந்தது. சேர்ந்துவிட்டால் வாரம் மூன்று மாலை பயிற்சி, காலணி அவர்களே கொடுப்பார்கள், வளர்ந்தபின் பெரிய அணியில் ஆடலாம் என்று பள்ளிக்கூடம் முழுக்க அதே பேச்சு. பன்னிரண்டுதான் எல்லை. அடுத்த வருடம் நான் எவ்வளவு நன்றாக ஆடினாலும் வயது தாண்டியவன்.

டத்தோ கிராமாட்டில் நடந்த பள்ளி ஆட்டம் ஒன்றைப் பார்க்க அந்தக் கிளப்பின் துணைப் பயிற்சியாளர் செல்வா வந்திருந்தார். ரப்பர் செருப்பும் வெளுத்த தொப்பியுமாக மரநிழலில் நின்று கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்த அவரைப் பார்த்தால் யாரோ ஒரு பையனின் மாமா என்றுதான் தோன்றும். ஆட்டம் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டுப் பெயர் கேட்டார், வீட்டு எண் கேட்டார், எந்தக் காலால் உதைப்பாய் என்று கேட்டார். மூன்றாம் நாள் நான்கு மாடி ஏறி வந்து ஒரு கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பாயான் பாரு திடலில் தேர்வு. தட்டச்சு செய்த நான்கு வரி, கீழே ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.

அம்மா அதை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். விரலை நனைத்துக் கையெழுத்தின் வாலைத் தேய்த்துப் பார்த்தாள்.

"சாப்பு எங்க?" என்றாள்.

எங்கள் ஊரில் ரப்பர் முத்திரைக்கு அதுதான் பெயர். கிளினிக்கில் தரும் விடுப்புச் சீட்டோ பள்ளிக்கூடக் கடிதமோ, அந்த ஊதா வட்டம் விழாதவரை வெறும் காகிதம்தான். அம்மாவுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. முந்தின வருடம் எங்கள் பிளாக்குக்குக் கிளப் சட்டை போட்ட ஒருவன் வந்தான். பையன்களைக் கோலாலம்பூருக்குப் பயிற்சிக்கு அழைத்துப் போவதாகச் சொல்லிப் பல வீடுகளில் பிறப்புப் பத்திர நகலும் படமும் வாங்கிக்கொண்டு போனவன், போனவன்தான். நகல் போனதைக்கூட அம்மா பொறுத்துக்கொண்டாள். அவன் எங்கள் வீட்டுக் கிளாசில் தேநீர் குடித்ததைத்தான் மன்னிக்கவே இல்லை.

ஆகவே செல்வாவைப் பற்றிய ஒவ்வொரு துணுக்கும் லென்சுக்கு அடியில் போனது. கிளப் ஆள் என்றால் ஏன் மோட்டார் சைக்கிளில் வரவேண்டும்? தண்ணீர் கொடுத்தபோது ஏன் வேண்டாம் என்றார்? "எந்தக் காலுன்னு அவனுக்கு எதுக்கு?" என்று என்னிடம் கேட்டாள். அப்பா வேன் ஓட்டிக் களைத்தவர், போகட்டுமே லா என்று முனகினார். "உங்களுக்கு ஊர்ல எல்லாரும் நல்லவங்க" என்ற ஒரே வரியில் அவர் வாயை மூடினாள்.

அந்த வாரம் வெள்ளி வரை அவளுக்குப் பகல் ஷிஃப்ட், முடிந்து வருவதற்குள் ஆபீஸ் மூடிவிடும். அதனால் சனிக்கிழமை காலை முதலில் டவுனில் இருக்கும் கிளப் ஆபீசுக்குப் போய்ச் சாப்பு வாங்கிக்கொண்டு, பிறகு திடலுக்குப் போவது என்று முடிவானது. எட்டு மணிக்கே ஆரம்பம் என்று கெஞ்சினேன். "சாப்பு போட எவ்ளோ நேரம்டா ஆவும்? டொக்குன்னு ஒரு அடி" என்றாள்.

ஆபீஸ் பூட்டியிருந்தது. வாசலில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த காவல்காரர் நிமிர்ந்து பார்த்து, "யாருமில்லக்கா. இன்னைக்குப் பையன்கள எடுக்குற நாளு, எல்லாரும் விடிகாலையிலயே பாயான் பாரு போய்ட்டாங்க" என்றார். அம்மா பூட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு என் காதருகே குனிந்து, இவனும் அந்த ஏமாற்றுக் கும்பலோடு சேர்ந்த ஆளாக இருக்குமோ என்று கேட்டாள். கேட்டது அவள்தான், ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கேள்வி என் மனத்திலும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

பஸ் பிடித்துத் திடலை அடைந்தபோது பத்தரை. பெயர் வாசித்து முடித்திருந்தார்கள். தேர்வானவர்கள் ஒரு பக்கம் ஆடிக்கொண்டிருக்க, மற்றவர்கள் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். செல்வா ஓடி வந்தார்.

"என்னக்கா, இப்ப வர்றீங்க?"

அம்மா கடிதத்தை நீட்டினாள். "சாப்பு இல்லாம குடுத்தா எப்படி தம்பி நம்புறது?"

அவர் அதைப் பார்த்தார். சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "நானே நாலு மாடி ஏறி வந்தேனேக்கா" என்று மட்டும் சொன்னார். பிறகு தலைமைப் பயிற்சியாளரிடம் போய் ஏதோ கேட்டு, எனக்குப் பத்து நிமிடம் வாங்கி வந்தார். நன்றாக ஆடினால் ஒரு பெயர் கூட்டிக்கொள்வார்களாம்.

வேறொரு பையனின் வியர்வையில் நனைந்த மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். பந்து வந்தது. ஒருவனைத் தாண்டினேன், இன்னொருவனையும் தாண்டினேன். கோல் முன்னால் ஒல்லியான பையன் ஒருவன் தனியாக நின்று கையை உயர்த்தி, இங்கே, இங்கே என்று மலாயில் கத்தினான். அவனைத் தடுக்க ஆளே இல்லை. ஏற்கெனவே தேர்வாகிவிட்டவன், இவனுக்கு என் மேல் என்ன அக்கறை, கொடுத்தால் இவன் பெயர்தானே ஏறும் என்று, கண்ணிமைக்கும் நேரத்தில் எப்படி அத்தனையும் நினைத்தேனோ தெரியாது, நினைத்தேன். பந்தை நானே கொண்டுபோனேன், பறிகொடுத்தேன். அடுத்த முறையும் அவன் கை உயர்ந்தது, அடுத்த முறையும் நான் கொடுக்கவில்லை. மூன்றாவது முறை அவன் கையை உயர்த்தவே இல்லை.

விசில் ஊதியதும் செல்வா அம்மாவிடம் வந்தார். "காலு நல்ல காலுக்கா. ஆனா பந்த யாருக்கும் குடுக்க மாட்டேங்குறான்."

திரும்பும் பஸ்ஸில் அம்மா கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். பாலம் தாண்டியபோது, "முன்னாடியே ஆள எடுத்து வச்சிட்டு, ஒப்புக்கு ஓட விட்ருக்கானுங்க" என்றாள். அதை நம்புவது எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை எழுத இத்தனை வருடம் ஆயிற்று.

அந்தத் திடல் இப்போது இல்லை. அங்கே நிற்கும் அடுக்குமாடிக்குக் கீழே நீச்சல் குளம் இருக்கிறது. கிளப் ஆபீஸ் இருந்த இடத்தில் பல் மருத்துவர் இருக்கிறார். அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. செல்வாவை அதன்பின் நான் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்றும் தெரியவில்லை.

என் மகளுக்குப் பதினோரு வயது. போன மாதம் ஒரு கிளப்பின் இளையோர் கழகத்துக்கு ஆடிக் காட்டினாள். நேற்றுக் கைப்பேசியில் செய்தி வந்தது: தேர்வாகியிருக்கிறாள், இன்று மாலை ஐந்துக்குள் சம்மதம் தெரிவிக்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். காலையிலிருந்து நான் சும்மா இல்லை. அனுப்பிய எண் அவர்களுடையதுதானா என்று பார்த்தேன். பயிற்சியாளரின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். படிவத்தில் ரத்தப் பிரிவு எதற்கு என்று கூப்பிட்டுக் கேட்டேன், அடிபட்டால் உதவும் என்று ஒரு பெண் பொறுமையாகச் சொன்னாள். அந்தப் பொறுமை ஏன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மகள் வாசலில் உட்கார்ந்து காலணி நாடாவைக் கட்டிக்கொண்டே கேட்டாள். "அவங்க இன்னும் என்ன செஞ்சா நீங்க நம்புவீங்கப்பா?"

நாலு நாற்பதுக்குச் சம்மதம் என்று அழுத்தினேன். அழுத்திய பிறகும் அந்தச் செய்தியை மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவள் பந்தை எடுத்துக்கொண்டு கீழே போயிருந்தாள்.