கேட்காமல் போன கூர்மை

மலேசியாவில், கிள்ளானில் தகரம் வெட்டும் தொழிற்சாலையில் பதினெட்டு வருடங்களாக வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் மெதடிஸ்ட் சபையில் எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பேன். பக்கத்தில் என் மனைவி கீபோர்டு.

போன வருடம் ஒரு ஞாயிறு, கிட்டாரின் சத்தம் துணி போர்த்தியதுபோல் மங்கிக் கேட்டது. வியர்வையில் கம்பிகள் துருப்பிடித்திருக்கும் என்று நினைத்துப் புதிதாக மாட்டினேன். அப்படியேதான் இருந்தது. மறுபடியும் மாற்றினேன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் கிட்டார் கடை வைத்திருப்பவரிடம் போய்ச் சொன்னேன்.

"நிக்கல் கம்பின்னா சத்தம் சாஃப்டா, உருண்டையா வரும் அண்ணே. நீங்க போடுறது ஸ்டீல் மேல நிக்கல் பூசினது. அது கொஞ்சம் ஷார்ப். இன்னும் ஷார்ப் வேணும்னா முழு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். ஆனா காது கூசும் லா."

அதையே வாங்கி மாட்டினேன். ஒத்திகையில் முதல் பாட்டு முடிவதற்குள் மனைவி கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"என்னங்க இது, காதுல ஊசி குத்துற மாதிரி இருக்கு."

எனக்கு அப்போதுதான் ஓரளவு சரியாகக் கேட்டது. உனக்கு என்ன தெரியும் என்று எரிந்து விழுந்தேன். அடுத்த வாரம் கிட்டாரின் ஆம்பில் சத்தத்தைக் கூர்மையாக்கும் ட்ரெபிளையும் கூட்டினேன். சபையில் பாடுகிற அக்கா மைக்கைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றார்.

வீட்டில் வாஷிங் மெஷின் பீப் அடித்து ஓய்ந்த பிறகும் நான் அதன் பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டிருந்தேனாம். மகள் சொல்லிச் சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை.

நான் மறுபடி கடைக்குப் போனேன். இந்தக் கம்பிகளும் செத்துவிட்டன என்றேன். கடைக்காரர் ஒரே மாடல் கிட்டார் இரண்டை எடுத்தார். ஒன்றில் நிக்கல், மற்றதில் ஸ்டீல். என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தார்.

"எது ஸ்டீல் அண்ணே?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

திரும்பிப் பார்த்தேன். அவர் கிட்டாரை மடியில் படுக்க வைத்திருந்தார்.

"இனிமே கம்பி மாத்தாதீங்க. காதக் கொண்டுபோய்க் காட்டுங்க."

மருத்துவமனையில் ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். முதலில் அழுத்திக்கொண்டே இருந்தேன். பிறகு ஒன்றுமே வரவில்லை. கண்ணாடிக்கு வெளியே, சோதனை செய்த பெண்ணின் விரல் மட்டும் விசையை அழுத்திக்கொண்டிருந்தது. அழுத்திவிட்டு ஒவ்வொரு முறையும் என் முகத்தைப் பார்த்தாள்.

போன கூர்மை திரும்ப வராது, மிச்சத்தையாவது காப்பாற்றப் பாருங்கள் என்றார் டாக்டர். தொழிற்சாலை இயந்திரச் சத்தம்தான் காரணமாக இருக்கும் என்றார். சத்தமில்லாத ஸ்டோருக்கு மாற்றச் சொல்லி வேலையிடத்தில் எழுதிக் கொடுத்தேன். "பார்க்கலாம்" என்றார் சூப்பர்வைசர். அதுவரை காதை மூடும் கவசத்தோடு அதே இயந்திரத்தில் நிற்கிறேன்.

கிட்டாரில் இப்போது நிக்கல் கம்பி. ஆம்பை மனைவிதான் சரிசெய்கிறாள். எனக்கு மந்தமாகக் கேட்கும் சத்தம் நன்றாக இருக்கிறது என்று அவள் தலையசைத்தால், நம்பி வாசிக்கிறேன்.

போன மாதம் இரண்டாம் முறை காதைச் சோதித்தார்கள். கேட்கும் திறனைக் காட்டும் வரைபடத்தில் கோடு இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது. காரில் வரும்போது மனைவி ஏதோ சொன்னாள். "என்ன?" என்று கேட்டேன். அவள் மறுபடி சொல்லவில்லை.