மேல்தட்டில் மிளகு, மெஷினுக்குப் பக்கத்தில் மழை

ரஜிதாவின் மோட்டார் தையல் மெஷின் ஓடும்போது வாசலில் லொறி வந்து நின்றாலும் அவளுக்குக் கேட்காது. போன வருடம் வேலம்மாக்காவின் மிளகு நாசமானதும் அப்படித்தான்.

வேலம்மாக்கா அவளது பக்கத்து வீட்டுக்காரர். அவருடைய தோட்டம் முழுக்க மர நிழல், மிளகு காயப்போட வெயில் விழாது. இரத்தோட்டையில் அந்தச் சந்துக்குள் மொட்டைமாடியாகக் கொங்கிறீட் மேல்தட்டு உள்ள வீடு ரஜிதாவுடையது மட்டும்தான். மேலே மிளகு காய்ந்தது, கீழே இவள் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். தூறல் விழுந்ததே தெரியவில்லை. அத்தனையும் பூஞ்சணம் பிடித்துப்போனது.

இந்த முறை வேலம்மாக்கா ஒரே ஒரு சாக்கை மட்டும் கொண்டுவந்து கொட்டியிருந்தார். அது நனைந்தால் மிச்சமெல்லாம் டவுனில் உள்ள காயவைக்கும் மெஷினுக்குப் போய்விடும். அவர் போனால் சந்தில் மற்றவர்களும் போவார்கள். ஊர் மிளகைக் காயவைத்துக் கொடுப்பதையே ஒரு தொழிலாக்க வேண்டும் என்ற ரஜிதாவின் ஆசையும் அதோடு போய்விடும்.

பல நாடுகள் சுற்றிவிட்டு வந்து, வீட்டில் இருப்புக் கொள்ளாமல் நான் பஸ் ஏறி அவளைப் பார்க்கப் போனது அந்தச் சாக்கு காய்ந்துகொண்டிருந்த அன்றுதான். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். சுகம் விசாரிக்கக்கூட விடாமல் கையைப் பிடித்து மெஷினிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"இங்க பாருடி. இது உணரும், இது முடிவெடுக்கும், இது கத்தும்."

தீப்பெட்டி அளவில் மூன்று மின்னணுக் கட்டைகள், வயரால் கோத்திருந்தாள். முதலாவதிலிருந்து ஒரு வயர் ஜன்னல் வழியாக மேல்தட்டுக்கு ஏறி, கோடு கோடாக உலோகம் பதித்த ஒரு சிறு தகட்டில் முடிந்தது. தகட்டில் துளி விழுந்தால் கீழே மூன்றாவது கட்டையான பஸர் கத்தும். எத்தனை ஈரத்துக்குக் கத்த வேண்டும் என்பதை நடுக் கட்டையில் உள்ள ஒரு குட்டித் திருகு தீர்மானிக்கும்.

இந்தப் பைத்தியம் அவளுக்குக் கார்மெண்டில், ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்தபோது பிடித்தது. நூல் அறுந்தால் தானாக நிற்கும் மெஷின் ஒன்று அங்கே இருந்தது. எப்படி என்று கேட்டுக் கேட்டு மெக்கானிக்கைத் தொல்லைப்படுத்தி, மூடியைக் கழற்ற வைத்து, உள்ளே நூலைக் கவனித்துக்கொண்டிருந்த சின்னக் கண்ணைப் பார்த்துவிட்டாள். கல்யாணமாகி வேலையை விட்ட பிறகும் அந்தக் கண் அவளை விடவில்லை. போனில் வீடியோ பார்த்து இந்தக் கட்டைகளை வாங்கினாள். கட்டிலை விட்டுக் கால் தரையில் பட்டதும் எரியும் விளக்குத்தான் முதலில் செய்தது. "பூனை நடந்தாலும் எரியுது. எனக்குத் தூக்கமே போச்சு" என்று அவளுடைய கணவன் திலீபன் இன்னும் குறை சொல்கிறான்.

பேசிக்கொண்டிருக்கும்போதே பஸர் கத்தியது. இருவரும் ஓடினோம். மேலே சுள்ளென்று வெயில். மிளகு காய்ந்துகொண்டிருந்தது.

கீழே வந்து பஸரை மாற்றினாள், பெட்டரியை மாற்றினாள். கத்தல் நிற்கவில்லை. கடைசியில் திருகைத் திருப்பிக்கொண்டே போனாள். சத்தம் அடங்கியது.

"வெயிலுக்கே மழைன்னு சொல்லுதா ஒன் மெஷினு?" வாசலில் வேலம்மாக்கா நின்றார். "சாமி கும்பிட்டு வச்சும் இப்படிப் பண்ணுதே."

ரஜிதா நிமிர்ந்தாள். "சாமி கும்பிட்டீங்களா? எங்க?"

"மேல தான். கொஞ்சம் முந்தி மிளகக் கிண்டிவிடப் போனேன்ல. புது சாமான், பொட்டு வைக்காம விடலாமா? சந்தனத்தக் கொழச்சு நல்லா பெருசா வச்சேன்."

"தகட்டு மேலயா அக்கா?"

"பின்ன, வயர் மேலயா வப்பாங்க?"

நான் சிரித்துவிட்டேன். ரஜிதா சிரிக்கவில்லை. ஈரச் சந்தனம் மெல்ல வழிந்து கோடுகளைத் தொட்டதைத்தான் தகடு மழை என்று நினைத்திருக்கிறது. அந்தச் சத்தத்தை அடக்கத் திருகைத் திருப்பியதால், இப்போது நிஜமான தூறல் விழுந்தாலும் பஸர் வாய் திறக்காது. ஜன்னலில் பார்த்தேன், மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது.

"நீ திருகுகிட்ட நில்லு. நான் சொல்லச் சொல்லத் திருப்பு" என்று சொல்லிவிட்டு ஈரத்துணியோடு படியேறினாள். மேலே தகட்டைத் துடைத்து உலர்த்தி, விரலால் ஒரு சொட்டு நீர் வைத்துக் கத்தினாள்: "திருப்பு!" திருப்பினேன். சத்தமில்லை. "இன்னும் கொஞ்சம்!" ஒரு மயிரிழை. பஸர் அலறியது. துடைத்தாள், அடங்கியது.

"எறங்கி வந்து தைக்கப் போறேன்" என்றாள். "மேல காவல் நின்னா அக்கா இத எப்படி நம்புவாங்க?"

மெஷினை ஓட்டினாள். வீடே அதிர்ந்தது. வேலம்மாக்கா கையைக் கட்டிக்கொண்டு பஸரையே முறைத்துக்கொண்டு நின்றார். சட்டையின் ஒரு கையைத் தைத்து முடிப்பதற்குள் அது கத்தியது.

மூவரும் படியில் முட்டிமோதி ஏறினோம். தரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் துளிகள். தார்ப்பாய்ப் படங்கை இழுத்து மிளகை மூடி, ஓரத்தில் கல் வைத்து முடித்த பிறகே மழை கொட்டியது.

நனைந்த முந்தானையோடு வேலம்மாக்கா படங்குக்குள் கைவிட்டு ஒரு பிடி மிளகை அள்ளினார். உள்ளங்கையில் உருட்டினார். ஒன்றைக் கடித்துப் பார்த்தார்.

"மிச்சச் சாக்கையும் நாளைக்கிக் கொண்டாறேன்" என்றார். பிறகு படியிறங்கும்போது, "ஏன் புள்ள, எங்க தண்ணி டாங்கி நெறைஞ்சா கத்துற மாதிரி ஒண்ணு செய்யலாமா?"

ரஜிதா அதற்குள் கட்டைகள் போட்டுவைத்த பெட்டியைத் தேடி ஓடியிருந்தாள்.