குறைஞ்சிருச்சு என்று சொன்ன வாரம்

என் தங்கைக்கு முத்தம் கொடுத்தால் உதடு கரிக்கும். வெயில் காலத்தில் அவள் நெற்றியில் உப்பு பூத்துக் கிடக்கும். நான் அவளை 'உப்புக்கண்டம்' என்பேன், அவள் என்னைக் 'கருவாடு' என்பாள். அதற்குமேல் அந்த உப்பைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. எட்டு வயதில் ஐந்து வயதுப் பிள்ளைபோல இருந்தாள். சாப்பாட்டில் ஒரு குறைவும் இல்லை, என்னைவிட இரண்டு பங்கு தின்பாள். தின்றது உடம்பில் ஒட்டாமல் எண்ணெய்ப் பிசுக்காக வெளியே போய்விடும். மாந்தம் என்றார்கள், கணை என்றார்கள், கண்ணேறு என்றார்கள். வாய் உள்ளவர்கள் எல்லோரும் எங்கள் ஊரில் வைத்தியர்கள்தான்!

இருமல் அவளோடு கூடப் பிறந்தது. விடியற்காலையில்தான் அதிகம். எழுந்து உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, முகம் கறுக்க இருமுவாள். கெட்டியாகச் சளி வந்த பிறகுதான் மூச்சு திரும்பும். காய்ச்சல் கண்டால் அப்பா சைக்கிளில் வைத்துக் காரைக்குடி டாக்டரிடம் கொண்டுபோவார். ஊசி போட்டால் தணியும், ஒரு மாதத்தில் திரும்ப வரும்.

எனக்குப் பன்னிரண்டு வயதான அந்த வருஷம் சளி பச்சையாக வந்தது. அதில் ஒரு வாசம். நாறியிருந்தால்கூடப் பரவாயில்லை. கனிந்து அழுகத் தொடங்கிய பழம்போல ஓர் இனிப்பு வாசம். பக்கத்தில் படுத்த எனக்குத் தலையணையெல்லாம் அதுதான்.

வழக்கமான ஊசி இந்தத் தடவை பிடிக்கவில்லை. டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு, "மதுரைக்குக் கொண்டுபோங்க. அங்க படுக்க வச்சுத்தான் பார்க்கணும்," என்றார். அப்பா தலையைச் சொறிந்தார். முந்தின நாள்தான் ஊரில் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிகிற எட்டு நாளும் ஊர்க்காரர் யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கு போனாலும் இருட்டுவதற்குள் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். அதிலும் அப்பா கையிலேயே காப்பு கட்டியிருந்தது.

அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டார். "நீதானத்தா அவ பக்கத்துல படுக்குறவ. இருமல் எப்படி இருக்குன்னு காலையில காலையில எனக்குச் சொல்லணும். கூடுச்சுன்னா காப்ப அவுத்துச் சாமிகிட்டப் போட்டுட்டு மதுரைக்குக் கிளம்பிருவோம். ஊர் என்ன தெண்டம் போட்டாலும் கட்டிக்கிறலாம்," என்றார்.

அந்த வருஷம்தான் எனக்கு முதன்முதலாக முளைப்பாரி போட்டிருந்தது. பானை ஓட்டில் எருவும் மண்ணும் போட்டு என் பேரில் விதை தூவியிருந்தார்கள். முளைப்பாரி வீட்டில் அது வளர்ந்துகொண்டிருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை அதைத் தலையில் தூக்கி ஊரைச் சுற்றி வர வேண்டும். பச்சைப் பட்டுப் பாவாடை தைத்தாயிற்று. மதுரைக்குப் போனால் வீடே போகும், நானும் போக வேண்டும்.

மறுநாள் காலையில் அவள் இருமி முடித்துச் சுவரில் சாய்ந்திருந்தாள். அப்பா தொழுவத்தில் இருந்தார். "எப்படி இருக்கு?" என்றார்.

"குறைஞ்சிருச்சுப்பா," என்றேன்.

அவ்வளவு சுலபமாக வந்தது. அதற்கடுத்த நாளும் சொன்னேன், அதற்கடுத்த நாளும் சொன்னேன். சளித்துணியைக் கண்மாயில் அலசிக் கொண்டுவந்தேன். என் தங்கையும் எனக்கு உடந்தை. "நானும் முளைப்பாரி பாக்கணும், சொல்லிறாத கருவாடு," என்றாள். அவள் சின்னப்பிள்ளை. அவளுக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரியும். அவள் மூச்சு இழுக்கும்போது விலாவுக்கு நடுவில் குழி விழுந்ததை நான் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை முளைப்பாரி தூக்கினேன். குலவைச் சத்தத்தில் தெருவே அதிர்ந்தது. எங்கள் வாசலில் அம்மா அவளை இடுப்பில் வைத்திருந்தாள். எட்டு வயதுப் பிள்ளை, இடுப்பில். உதடு நாவல்பழம் தின்றதுபோல இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். புதன்கிழமை முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போனோம். சனிக்கிழமை அவள் இல்லை.

பாவி நான், யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாசம் மட்டும் என்னை விடவில்லை. கோயிலில் பழத்தட்டு பக்கத்தில் வந்தால் எழுந்து போய்விடுவேன்.

எழுபதுகளில் மதுரையில் நர்ஸ் படிப்புப் படித்தேன். தீக்காய வார்டில் ஒருநாள் ஒரு பெண்ணின் கட்டைப் பிரித்தேன். துணியில் பச்சை, அதே இனிப்பு வாசம். கையிலிருந்த தட்டைக் கீழே போட்டுவிட்டேன். கூட இருந்த டாக்டர் வெளிநாட்டில் படித்தவர். திட்டுவார் என்று நினைத்தேன், உட்காரச் சொன்னார். தங்கையைப் பற்றிச் சொன்னேன்.

"உடம்பு உப்புக் கரிக்குமா?" என்று கேட்டார். உப்பைப் பற்றி நான் அவரிடம் சொல்லியிருக்கவே இல்லை.

அந்த நோய்க்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று பேர் என்றார். தாய், தகப்பன் இருவர் வழியாகவும் பிறவியிலேயே வருவது. அந்தப் பிள்ளைகளின் நெஞ்சில் சளி பசையாக இறுகிவிடும். இந்தப் பச்சைக்கும் வாசத்துக்கும் காரணம் ஈரத்தில் வாழ்கிற ஒரு கிருமி, அது அந்தச் சளிக்குள் புகுந்தால் சாதாரண ஊசிக்கு அடங்காது. "கூடப் பிறந்தவங்க யாராவது இறந்திருக்காங்களா?" என்றார். எனக்கு மூத்தவன் ஒருவன், நான் கைக்குழந்தையாக இருந்தபோது மதுரையில்தான் இறந்தான் என்றேன்.

"ஒரு வாரம் முந்திக் கொண்டுவந்திருந்தா?" என்று கேட்டேன்.

"கொஞ்ச காலம் கிடைச்சிருக்கலாம். கிடைக்காமலும் போயிருக்கலாம்," என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஊருக்குப் போனேன். அம்மா புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். முளைப்பாரிக்காகப் பொய் சொன்னேன் என்று சொல்லி அழுதேன். அவள் கொட்டை எடுப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்டி," என்றாள். "அடுப்படியில இருந்த எனக்குக் காது கேக்காமயா போச்சு? பெரியவனைத் தூக்கிக்கிட்டு அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன், துணியில சுத்திக் குடுத்தாக. இவளையும் அங்குட்டுக் கொண்டுபோக எனக்கு நெஞ்சு இல்ல. நீ குறைஞ்சிருச்சுன்னு சொன்னியா, சரின்னு நானும் வாய மூடிக்கிட்டேன்."

எனக்கு ஆறுதல் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இத்தனை வருஷம் என்னைத் தனியாக வேக விட்டாளே என்று அவளை உலுக்க வேண்டும்போல இருந்தது. அவளோ வெளியே எட்டிப் பார்த்தாள். அப்பா வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். தங்கை போனதிலிருந்து, காப்புதான் பிள்ளையைக் கொன்றது, நான்தான் கொன்றேன் என்று சொல்லிச் சொல்லியே உருக்குலைந்த மனிதர். அதன்பிறகு அவர் கோயில் பக்கமே போனதில்லை.

"அப்பாகிட்டச் சொல்லிறாத," என்றாள் அம்மா. "நம்ம ரெண்டு பேரும் தெரிஞ்சே செஞ்சோம்னா, அந்த மனுசன் நம்ம மூஞ்சிய எப்படிப் பாப்பாரு?"

அவர் சாகும்வரை நாங்கள் சொல்லவில்லை.