அத்தைக்குச் சுகம் வந்த கிழமை

அப்பாவின் அக்கா, என் அத்தை, கலியாணம் கட்டாதவர். அனலைதீவில் எங்களோடுதான் இருந்தார். எனக்கு எட்டு வயதானபோது, அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை நிறுத்தி மூன்று வருடமாகியிருந்தது. கிழமைக்கு இரண்டு தடவை அப்பா அவரை முதல் வள்ளத்தில் ஊர்காவற்றுறைக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து பஸ்ஸில் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோவார். நாலு மணித்தியாலம் டயலிசிஸ். பின்னேரம் கடைசி வள்ளத்தில் வந்து இறங்கும்போது அத்தை பிழிந்து போட்ட சீலை மாதிரி இருப்பார். கடல் கொந்தளிக்கும் சோளகக் காற்றுக் காலத்தில் வள்ளத்திலேயே சத்தியும் எடுத்திருப்பார்.

வீட்டில் எனக்கு ஓர் உத்தியோகம் இருந்தது. அத்தை ஒரு நாளைக்கு ஒரு போத்தலுக்கு மேல் தண்ணீர் குடிக்கக்கூடாது. மாம்பழம், வாழைப்பழம், இளநீர் தொடவே கூடாது. காவல் நான். அந்த வேலையை இரக்கமே இல்லாமல் செய்தேன். ஒருமுறை அவர் வாய் கொப்பளிக்கிற சாட்டில் இரண்டு மிடறு விழுங்கியதை அம்மாவிடம் சொல்லிக்கொடுத்தேன். அத்தை கோபிக்கவில்லை. "உனக்குப் பொலிஸில வேலை கிடைக்கும்" என்று மட்டும் சொன்னார்.

ஒரு வியாழக்கிழமை காலை அப்பா பையோடு வாசலில் நின்றார். அத்தை கதிரையை விட்டு எழும்பவில்லை.

"அக்கா, வள்ளம் வெளிக்கிடப்போகுது."

"நான் வரேல்லைத் தம்பி. இனியும் வரமாட்டன். எனக்குக் காணும்."

"விசர்க்கதை கதையாதேங்கோ."

"யோசிச்சுத்தான் சொல்லுறன். டொக்டரோடையும் கதைச்சிட்டன்."

அப்பா பையைக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே இருந்துவிட்டார். வள்ளம் அவர்கள் இல்லாமல் போனது.

காணும் என்றால் போதும் என்று எனக்குத் தெரியும். காய்ச்சல் மாறியதும் இனி மருந்து காணும் என்பார்களே, அப்படித்தான் நான் விளங்கிக்கொண்டேன்.

அன்று மத்தியானம் அத்தை என்னிடம் மாம்பழம் கேட்டார். ஓடிப்போய் முறைப்பாடு செய்தேன். அம்மா குசினியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நல்ல பழமாகப் பார்த்து ஒன்றை வெட்டினார்.

"கொண்டுபோய்க் குடு. தண்ணி கேட்டாலும் குடு."

அத்தை சாறு முழங்கைவரை வழிய வழியக் கொட்டையைச் சூப்பினார். அவர் அவ்வளவு ஆசையாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

அதன்பிறகு அவர் ஒன்பது நாள் இருந்தார். சனிக்கிழமையே சொந்தக்காரர் வரத் தொடங்கிவிட்டார்கள். வவுனியாவிலிருந்துகூட வந்தார்கள். நான் வருசப்பிறப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு துறையடியில் நின்று, வள்ளத்தால் இறங்கிய ஒவ்வொருவரிடமும், "அத்தைக்குச் சுகம் வந்திட்டுது, இப்ப எல்லாம் சாப்பிடுறா" என்று அறிவித்தேன். ஒரு மாமி என் தலையைத் தடவினார். பின்னால் வந்த ஒரு கிழவர், "ஓம் பிள்ளை" என்றார்.

ஒருவரும் என்னைத் திருத்தவில்லை.