இலை போன மருள் செடி

நிழலிலேயே வாழும் ஒரு செடியின் இலைகளை மொத்தமாகப் பிடுங்கிவிட்டால் அது பிழைக்குமா? எனக்குத் தெரியாது. தாவரவியல் படித்து முடித்து இருபத்தைந்து ஆண்டுகளாகின்றன, இன்னும் தெரியாது. பலரும் வீட்டுத் தொட்டியில் பார்த்திருக்கும் மருள் இனச் செடியைக் காட்டுத் தரையில் பார்க்கத்தான் வைகாசி மாதச் சனிக்கிழமை ஒன்றில் காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பினேன்.

காலை 7.10க்கு மாகறல் பேருந்து. பெண்களுக்குக் கட்டணமில்லை, உட்கார இடமும் இல்லை. மாகறலிலிருந்து அம்மன் கோயில் தோப்புக்கு நான்கு கிலோமீட்டர் ஆட்டோ, நூற்றைம்பது ரூபாய்.

"அந்தத் தோப்புல பாக்கறதுக்கு இன்னாமா இருக்குது?" என்றார் ஓட்டுநர்.

செடி என்றேன். கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார்.

அம்மன் தோப்பு ஓர் ஏக்கர்கூட இராது. உள்ளே இரும்பு போகக் கூடாது என்பது ஊர்க்கட்டு. காலை ஒன்பது மணிக்கும் மங்கலாக இருந்தது. வெயிலில் நிற்கும் செடி இலையை உதிர்த்தாலும் சீக்கிரம் புதிது விடும். இங்கே அவ்வளவு வெளிச்சம் கிடையாது. ஓர் இலை விடவே வெகுநாளாகும். அதனால் மருள் தன் இலையைத் தடிப்பாக்கி, நீர் சேர்த்து, வருடக்கணக்கில் வைத்துக்கொள்கிறது.

அந்த இலைகளைத்தான் கோயில் பெருக்கும் முனியம்மா வெறுங்கையால் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"விட்டுடுங்களேன்மா. திரும்ப வர ரொம்ப நாளாகும்."

"நல்லா சொன்ன போ. நாளைக்கு டவுன்லேர்ந்து தறிக்காரங்க வராங்க, கொயந்தைக்கு மொட்டை. நாப்பது பேரு இங்கதான் குந்துவாங்க. இதுலேர்ந்து பூச்சி வந்து கடிச்சா நீயா பதில் சொல்லுவ? எனக்கு இந்த வேலையும் பூடும்."

பூச்சி என்றது பாம்பை. அவருக்கு வேலை, எனக்கு வெறும் ஆர்வம். தெய்வ நம்பிக்கை காடுகளைக் காக்கிறது என்று எழுதுபவர்கள் இதைப் பார்க்கும் முன்பே ஊர் திரும்பிவிடுகிறார்கள் போலும்.

போகிறவர்களுக்கு: கடை இல்லை, இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். செருப்பை வெளியே விட வேண்டும், பார்த்து நடங்கள். ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லுங்கள். நான் சொல்லாததால் மாகறல்வரை நடந்தேன்.

மறுநாள் நடந்தது இது. மதியம் ஒரு மணிக்கு நான் மீண்டும் போனபோது மொட்டைக்கு வந்தவர்கள் கிளம்பிவிட்டிருந்தார்கள். சவரக்கத்தியும் இரும்பு என்பதால் மொட்டையைத் தோப்பு வேலிக்கு வெளியே அடித்தார்களாம். பாம்பு வரவில்லையாம். மருளில் ஓர் இலைகூட மிச்சமில்லை. தோண்ட இரும்பு இல்லாததால் கிழங்குகள் மட்டும் மண்ணிலேயே இருந்தன. முனியம்மா பெருக்கி வைத்திருந்த சருகைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து அவற்றின்மேல் கொட்டினார்.

"இங்க வியுந்தது வெளிய போவக்கூடாதுமா. சும்மா நிக்கறியே, ஒரு கை புடி."

கடைசி இரண்டு கூடைகளை நான் தூக்கினேன்.